கங்காணி முதல் தேர்வுக்குழு வரை



வேலைக்கு ஆள் தெரிந்தெடுப்பது எப்படி என்னும் பொருளை இன்று பேச எடுத்துக்கொண்டுள்ளோம். இது முதலாளிகளுக்கும் அலுவலகத் தலைவர்களுக்கும் உரிய பேச்சு, நமக்கு எதற்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டா. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழ்கின்ற நம்மவர் வீடுகளில், முதன்முதலாக ஊரை விட்டுப் புறப்பட்டவர் யார் என்று கேட்டால், அந்தக் கதைக்குள் பெரும்பாலும் இன்னொருவர் இருப்பார். ஒரு மாமன், ஒரு சித்தப்பா, அல்லது பக்கத்துத் தெருக்காரர். 'இங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, பையனை உடனே அனுப்பி வையுங்கள்' என்று அவர் எழுதிய கடிதம்தான் அக்குடும்பத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கும். அவ்வாறு வந்தவர்களின் மக்களும் பேரர்களும் இன்று அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் பிறரைத் தெரிந்தெடுக்கும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே இந்தப் பொருள் இரு பக்கத்திலும் நம்மைத் தொடுகிறது.

இதனை மறையூரிலிருந்து தொடங்குவோம். உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாற்றுக்குச் செல்லும் மலைச்சாலையில், சின்னாற்றுக் காட்டைக் கடந்து மேலேறினால் வரும் ஊர் மறையூர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கம் ஆதலால், கேரளத்தின் பிற பகுதிகளைப் போல் இங்கே மழை கொட்டுவதில்லை. இங்கு ஓடும் பாம்பாறும் கிழக்கு நோக்கி ஓடி நம் அமராவதியில் கலக்கிறது. மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களையும் சேர்த்து அஞ்சுநாடு என்பர். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அவ்வூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். வீட்டில் பேசுவது தமிழ். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது; மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அதனை ஏற்கவில்லை. 1956 நவம்பர் 1 முதல் அவை கேரளத்தில் உள்ளன. நாம் ரயிலேறி வெளிமாநிலத் தமிழர் ஆனோம். அஞ்சுநாட்டார் தம் வீட்டு வாசற்படியை விட்டு இறங்காமலேயே அப்பெயரைப் பெற்றவர்கள்.

மறையூருக்கு மேலே உயர்ந்து நிற்பவை கண்ணன் தேவன் மலைகள். 1877-இல் பூஞ்சாற்று அரசர் இம்மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்குக் குத்தகையாகக் கொடுத்தார். பயிர்கள் சிலவற்றை நட்டுப் பார்த்தபின் தேயிலை நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருட் கம்பெனி அமைந்தது. காட்டை வெட்டவும் செடி நடவும் கொழுந்து கிள்ளவும் பல்லாயிரம் கைகள் வேண்டியிருந்தன. மலையில் வாழ்ந்த முதுவர் தொகையிற் சிலர். தோட்ட வேலை அவர்கள் வாழ்க்கைமுறைக்கு ஒத்ததும் அன்று. ஆகவே கீழே தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியதாயிற்று. துரைக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் தெரியா. சிற்றூரார்க்குத் துரையைத் தெரியாது. இருவருக்கும் இடையே நின்றவர் கங்காணி.

நாம் மொழிபெயர்ப்புத் தொழிலில் இருபதாண்டு கழித்துள்ளமையால் சொற்களின் மேல் சிறிது தங்கிச் செல்வது வழக்கமாகிவிட்டது, பொறுத்தருள்க. கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்ப்பவர்க்குக் கண்காணி என்ற பெயர் உண்டு; மாகேசுவரக் கண்காணி என்ற தொடரைப் பலர் படித்திருக்கக்கூடும். கோயிற் கணக்கைக் கண்ணால் கண்டு காப்பவரைக் குறித்த அச்சொல், ஆயிரம் ஆண்டு கழித்து, ஆள் பிடிப்பவரைக் குறிக்கும் சொல்லாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியது.

கங்காணி செய்த வேலை என்ன என்பதைப் பார்ப்போம். தோட்டத்திலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு அவர் தம் சொந்த ஊருக்குச் செல்வார். நல்ல வேட்டி, கையிலே மோதிரம், மடியிலே பணம். பஞ்சத்தாலும் கடனாலும் நொந்த குடும்பங்களைத் தேடிச் சென்று, அவர்கள் கடனைத் தாம் அடைத்து, வழிச்செலவையும் தாமே கொடுத்து மலைக்கு அழைத்து வருவார். அந்தத் தொகை முழுதும் அவர்கள் பேரில் பற்றாக எழுதப்படும். அதன்பின் அவர்களை வேலை வாங்குபவரும் அவரே, கணக்கு வைப்பவரும் அவரே. தாம் கொணர்ந்தவருள் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினரோ அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. இலங்கையில் இக்கடனை ஒரு சீட்டில் எழுதி, அச்சீட்டைக் காட்டி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆட்களைக் கடனோடு மாற்றும் வழக்கம் இருந்தது. அதற்குத் துண்டு முறை என்று பெயர். 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட புதினம், 'எரியும் பனிக்காடு' என்ற பெயரில் தமிழில் வந்துள்ளது; இம்முறை ஒரு கணவனையும் மனைவியையும் எப்படி விழுங்கிற்று என்பதை அதிலே காணலாம்.

கங்காணியைத் தீயவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நாம் கவனிக்கவேண்டியது, அவர் எதைப் பார்த்து ஆளை எடுத்தார் என்பதையே. கொழுந்து கிள்ளும் திறமையை அவர் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, ஏனெனில் ஊரில் எவரும் தேயிலைச் செடியைக் கண்டதில்லை. அவர் பார்த்தவை மூன்று: உறவு, உடல், கடன். உறவினர் ஓடிப்போக மாட்டார். உடல் வலியவர் ஒவ்வொரு நாளும் இறங்குவார். கடன்பட்டவர் எதிர்த்துப் பேச மாட்டார். தமக்குப் பயன் தரும் குணங்களையே அவர் தேர்ந்தெடுத்தார். ஆள் எடுப்பவரின் ஊதியம் தலைக்கணக்கைப் பொறுத்து அமையும்போது வேறு எதை அவர் பார்ப்பார்?

ஆயினும், தெரிந்தவர் மூலம் ஆள் எடுப்பதில் நன்மையே இல்லை என்று கூறுவதற்கில்லை. அறிமுகத்தின் வழி வந்தவர்கள் விளம்பரத்தைக் கண்டு வந்தவர்களைவிடப் பணியில் அதிகக் காலம் நிலைக்கிறார்கள் என்பதை இக்கால ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. வேலையின் நிறைகுறைகளை அவர்கள் முன்பே கேட்டறிந்து வருகிறார்கள். அழைத்து வந்தவர் பெயர் கெடக்கூடாதே என்ற எண்ணமும் உண்டு. புதிய நகரில் தங்க ஓர் இடமும் உண்ண ஒரு வேளைச் சோறும் அந்த உறவே தருகிறது. நம்மவர் பலர் பிழைத்தது அதனால்தான். குறை எங்கே உள்ளது என்றால், அறிமுகம் செய்பவரே தேர்வாளராகவும் மேலாளராகவும் கடன் கொடுத்தவராகவும் இருப்பதில் உள்ளது. 1929-இல் அமைக்கப்பட்டு 1931-இல் அறிக்கை தந்த இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணையம் இதைத்தான் சுட்டியது. விட்லி என்பவரைத் தலைவராகக் கொண்ட அவ்வாணையத்தில் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் உறுப்பினர். ஆலைகளிலும் பிறவிடங்களிலும் ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரிகளிடமிருந்து நீக்கி, அதற்கென்றே தொழிலாளர் அதிகாரிகளை நியமிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் தோட்டங்களிலும் கங்காணியின் பிடி படிப்படியாகத் தளர்ந்து ஒழிந்தது.

அவர் இருந்த இடத்தில் இப்போது விண்ணப்பமும் நேர்முகப் பேட்டியும் வந்துள்ளன. மேசைக்குப் பின்னால் மூவர் அமர்கிறார்கள். எதிரே ஒருவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்கிறார். பதினைந்து நிமிடம் பேச்சு. 'ஆளைப் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும்' என்று பெருமையுடன் சொல்லும் அதிகாரிகளை நாம் எல்லாரும் அறிவோம். உண்மையில் தெரிந்துவிடுகிறதா என்று அளந்து பார்த்தவர்கள் உண்டு.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகர மருத்துவக் கல்லூரியில் 1979-இல் நிகழ்ந்ததைக் கேளுங்கள். விண்ணப்பித்தவரிலிருந்து 800 பேரை அழைத்துப் பேட்டி கண்டு, வரிசைப்படுத்தி, முன்வரிசையிலிருந்து 150 பேரைச் சேர்த்தாயிற்று. அதன்பின், இன்னும் 50 பேரைச் சேர்க்கவேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் கூறிவிட்டது. முன்வரிசையார் அனைவரும் வேறு கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டமையால், பேட்டியில் கடைசியாக நின்றவர்களையே கூப்பிட நேர்ந்தது. படிப்பு முடிந்து, மருத்துவமனைப் பயிற்சியின் முதலாண்டும் முடிந்தபின் இரு பிரிவாரையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. பேட்டியில் பேராசிரியர்கள் கண்டதாக நினைத்த ஏற்றத்தாழ்வு பிற்காலப் பணியிலே தென்படவில்லை.

இத்தகைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் என்னும் இருவர் 85 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2022-இல் பால் சாக்கெட் என்பவரும் அவர் தோழர்களும் அக்கணக்குகளை மறுபடி சரிபார்த்தார்கள். தேர்வில் பெற்ற மதிப்பும் பிற்காலப் பணியும் முற்றிலும் ஒத்துப்போனால் 1 என்றும், தொடர்பே இல்லையெனில் 0 என்றும் கொள்வது அவர்கள் அளவுகோல். வரையறை இல்லாமல் தோன்றியபடி கேட்கும் பேட்டிக்கு இவ்வளவையில் கிடைத்தது 0.19. முன்கூட்டியே எழுதிய ஒரே கேள்விகளை எல்லாரிடமும் கேட்டு, விடைக்கு விடை மதிப்பெண் இடும் பேட்டிக்கு 0.42. தொழில் அறிவுத் தேர்வுக்கு 0.40. வேலையில் ஒரு பகுதியைச் செய்து காட்டச் சொல்லும் தேர்வுக்கு 0.33. இத்தனை ஆண்டு அனுபவம் என்று விளம்பரங்களில் கேட்கிறோமே, அந்த ஆண்டுக் கணக்குக்கு வெறும் 0.07! இவை பெரும்பாலும் மேலை நாட்டு ஆய்வுகள்; நம் நாட்டுக்கு இவ்வெண்களை அப்படியே பொருத்திவிட இயலாது. எந்த முறையும் 1-இன் அருகில் செல்லவில்லை என்பதையும் மறக்கலாகாது. மனிதரை முழுதும் அளந்துவிடும் கோல் எவரிடமும் இல்லை. ஆயினும் ஒரே பேட்டி, கேள்விகளை ஒழுங்கு செய்த மாத்திரத்தில், இரு மடங்குக்கு மேல் பயன் தருகிறது என்பது சிறிய செய்தி அன்று. அதற்குப் பணச்செலவும் இல்லை.

அந்த ஒழுங்கு எத்தகையது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1955-இல் இசுரேல் படையில் டேனியல் கானமன் என்ற இருபத்தொரு வயது இளைஞர் பணியாற்றினார். பின்னாளில், 2002-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவரே. படையில் புதிதாகச் சேர்வோரைப் பேட்டி காணும் முறை சிறிதும் பயன்படவில்லை. அதைத் திருத்தித் தருக என்று அவரிடம் கூறினார்கள். அதுகாறும் பேட்டி காண்போர் பதினைந்து இருபது நிமிடம் பேசி, இவன் நல்ல வீரன் ஆவானா என்று ஒரு மொத்தக் கருத்தைச் சொல்லி வந்தனர். கானமன் அதை மாற்றினார். பொறுப்புணர்ச்சி, பிறரோடு பழகும் இயல்பு என்பன போன்ற ஆறு குணங்களைக் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும், அவ்விளைஞன் இதுவரை செய்த வேலைகள், நேரந்தவறாமை, நண்பர்கள், விளையாட்டு என நடந்தவற்றைப் பற்றி மட்டும் கேட்கச் சொன்னார். ஒரு குணத்துக்கு மதிப்பெண் இட்ட பிறகே அடுத்ததற்குச் செல்லவேண்டும். பேட்டி காண்போர் சினந்தனர். எங்களை இயந்திரமாக்குகிறீர்களே என்றனர். சரி, எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி, அவனை வீரனாக எண்ணிப் பார்த்து, உங்கள் மனத்துக்குப் பட்ட ஒரு மதிப்பெண்ணையும் இடுங்கள் என்று அவர் இணங்கினார். சில மாதங்கள் கழித்து, ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை பழைய முறையைவிட நன்றாகப் பயன்பட்டமை தெரிந்தது. வியப்பு என்னவெனில், கண்ணை மூடி இட்ட மதிப்பெண்ணும் அதே அளவு பயன்பட்டது. நடந்த செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகு எழும் உள்ளுணர்வு, கேட்பதற்கு முன் எழுவதினும் வேறு போலும்!

கேட்பதற்கு முன் எழுவது பெரும்பாலும் பெயரிலிருந்தும் ஊரிலிருந்தும் எழுகிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவர் நம் நாட்டிலே செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. செய்தித்தாள் விளம்பரங்களுக்கு, ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயர்க்கு மறுமொழி அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு 1 என்றால், தலித் பெயர்க்கு 0.67, முஸ்லிம் பெயர்க்கு 0.33. படிப்பு ஒன்றே, தகுதி ஒன்றே. பெயர் மட்டும் வேறு.

இதைப் படிக்கும் தமிழர் சிலர், நமக்கு இந்தக் குறை இல்லை என்று சொல்லக்கூடும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடவேண்டும் என்று தீர்மானித்தது. இன்று நம் பெயர்களில் தந்தையின் தலையெழுத்து ஒன்றே எஞ்சியுள்ளது. வட மாநில அலுவலகங்களில் குடும்பப்பெயர் எழுதும் கட்டத்தை நிரப்ப முடியாமல் நாம் படும் பாட்டை நீங்களும் பட்டிருப்பீர்கள். ஆனால் நம்மவர் இருவர் சந்தித்தால் இரண்டாவது கேள்வி என்ன? 'சொந்த ஊர் எது?' அதற்கு விடை கிடைத்தால், 'ஊரில் எந்தத் தெரு?' பெயரில் விட்டதைத் தெருவில் பிடித்துவிடுகிறோம். நட்பாகப் பேசுமிடத்தில் இக்கேள்வி இனிது. தேர்வு மேசையில் அதற்கு வேலை இல்லை. நமக்குத் தெரிந்த ஓர் இளம்பெண் கணக்கர் வேலைக்கு ஓர் அலுவலகத்திற்குச் சென்றபோது, கேட்ட பத்துக் கேள்விகளில் ஏழு அவள் ஊரையும் உறவையும் பற்றியவை. இரண்டு திருமணத்தைப் பற்றியவை. கணக்கைப் பற்றிக் கேட்டது ஒன்று.

வேண்டாதவற்றை முன்கூட்டியே விலக்கி எழுதிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் விதியைக் கூறுகின்றன. முப்பது குடும்புகள், ஒவ்வொன்றிலிருந்தும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு எடுப்பிப்பது. பின்னைய விதிப்படி அகவை 35-க்கு மேல், 70-க்கு உட்பட்டு இருத்தல் வேண்டும். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்திருத்தல் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் புகலாகாது. நிலமும் வேத அறிவும் உடைய அந்தணர்க்கே அவ்வாய்ப்பு இருந்தது. அதனைப் பொதுமக்களாட்சி என்று கொண்டாடுவது மிகை. ஆயினும் யாரை எடுக்கலாகாது என்பதை, எவர் முகமும் எதிரே இல்லாத வேளையில், கல்லிலே வெட்டி வைத்தார்கள் அல்லவா? அந்தப் பகுதியை நாம் மெச்சுகிறோம். வள்ளுவரும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று 51, 52-ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருப்பதை இங்கே நினைவுகூரலாம்.

மீண்டும் மறையூருக்கு வருவோம். அவ்வூரின் வெல்லம் புகழ்பெற்றது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கரும்புத் தோட்டத்தின் நடுவே ஓலைக்கொட்டகை. உள்ளே பெரிய கொப்பரை. கரும்புச் சக்கையே எரிபொருள். நாம் அங்கே சென்றிருந்தபோது ஒரு கொட்டகையில் வெகுநேரம் நின்றோம். சாறு கொதித்து நுரை பொங்க, சுண்ணாம்பு இட்டு, அழுக்கு நுரையை வழித்தெடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பாகு இறுகும் வேளை வந்ததும் பேச்செல்லாம் நின்றுவிடுகிறது. கொப்பரை ஓரத்தில் நிற்பவர் சிறிது பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத் தலையசைக்கிறார், உடனே இறக்குகிறார்கள். ஒரு கணம் முந்தினால் உருண்டை பிடிக்காது, பிந்தினால் கருகும். ஆறியபின் கையாலேயே உருட்டுகிறார்கள். மறையூர் வெல்லத்தில் விரல் பதிந்த தடம் தெரியும். இந்த வேலைக்கு எப்படி ஆள் பிடிக்கிறீர்கள் என்று கொட்டகைக்கு உடையவரைக் கேட்டோம். 'ஒரு கொப்பரை காய்ச்சச் சொல்லிப் பார்ப்போம், வேறென்ன?' என்றார். எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்பதுண்டா என்றதற்கு, 'முப்பது வருசமா கருக்கிறவனும் இருக்கான்' என்று சிரித்தார். சாக்கெட்டின் 0.07-ஐ அவர் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

மறையூரின் மற்றொரு செல்வம் சந்தனம். கேரளத்தில் இயற்கையாகச் சந்தனக் காடு அமைந்த இடம் இது. வனத்துறைக் கிடங்கில் கட்டைகளை வைரம், வேர், சிராய் என்று பார்த்து, எடை கண்டு, பல வகுப்புகளாகப் பிரித்து ஏலத்திற்கு வைக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் எழுதிய இலக்கணம் உண்டு. பார்ப்பவர் மாறினாலும் வகுப்பு மாறக்கூடாது என்பது நோக்கம். மரத்துக்குக் காட்டும் இந்த முறைமையைப் பேட்டி மேசைகளில் காண்பது அரிதாக உள்ளது. மைய அரசு, கெசட் பதிவு பெறாத இரண்டாம் பிரிவுப் பதவிகளுக்கும் மூன்றாம் பிரிவுப் பதவிகளுக்கும் 2016 சனவரி 1 முதல் நேர்முகப் பேட்டியையே நீக்கிவிட்டது. நம் தொழிலில் ஒரு பத்தியைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்வது பழைய வழக்கம். கொப்பரையில் காய்ச்சிக் காட்டச் சொல்வது போன்றதே அதுவும். அரசுத் தேர்வுக்கு வெளியே, கடையும் பட்டறையும் சிறு நிறுவனமும் நடத்தும் நம்மவர்க்கும் இது இயலும். இந்த வேலையில் நாள்தோறும் செய்யவேண்டியவை எவை என்று ஆள் வருமுன் தாளில் எழுதிக்கொள்ளலாம். அவற்றில் இரண்டைச் செய்து காட்டச் சொல்லலாம். வந்தவர் எல்லாரிடமும் அதே ஐந்தாறு கேள்விகளைக் கேட்கலாம். மூவர் அமர்ந்தால், தம்முள் பேசுமுன் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பெண் குறித்துவிடலாம். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற இருவரும் அவர் சொன்னதையே காண்பார்கள். வேலை பார்த்துக் காட்ட ஒரு நாள் முழுதும் வேண்டுமாயின் அந்நாட் கூலியைக் கொடுத்துவிடுவதே முறை என்பது நம் கருத்து. ஊரார் சிபாரிசுடன் வந்த பையனும் இதே வழியில் வரட்டும்; மாமன் கடிதம் அவனைக் கதவு வரை கொண்டுவந்தால் போதும்.

மூணாற்று மலைகளில் கொழுந்து கிள்ளுபவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களை மேற்பார்க்கத் தெரிந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாலும் ஆண்கள். தொழிற்சங்கங்களின் தலைமையும் அவ்வாறே. 2015 செப்டம்பரில், தமிழ் பேசும் அப்பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, சங்கத் தலைவர்களை விலக்கிவிட்டுத் தாங்களே பேசி, 20 விழுக்காடு போனசைப் பெற்றார்கள். பெம்பிளை ஒருமை என்று அவ்வியக்கத்திற்குப் பெயர். பேசவும் கணக்குக் கேட்கவும் வழிநடத்தவும் வல்ல அத்தனை பேரையும் ஒரு நூற்றாண்டுக் காலம் எந்த மேற்பார்வையாளர் தேர்வும் கண்டுகொள்ளவில்லை!

அம்மலைகளில் இன்று வேலைக்கு வந்து சேர்வோர் வேறு மக்கள். தமிழ்த் தொழிலாளர் பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கத்திலிருந்தும் குடும்பங்கள் ஏறி வருகின்றன. அவர்களையும் முன்னே வந்த உறவினரோ முகவரோ அழைத்து வருகிறார். அவர்களிடம் வேலை வாங்கும் இடத்தில் இருப்போருள், நாலைந்து தலைமுறைக்கு முன் கங்காணியின் பின்னே நடந்து வந்தவர் வழியினரும் உண்டு. இத்தகையோருக்காக 1979-இல் இயற்றப்பட்ட மாநிலங்களுக்கிடைப் பெயர்ந்த தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டும் என்றும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய கைப்புத்தகம் தரவேண்டும் என்றும் விதித்தது. வேலை நடக்கும் இடம், காலம், கூலி விகிதம், கொடுத்த தொகை, பிடித்த தொகை, ஊர் திரும்பும் செலவு ஆகியவை அதில் இருக்கவேண்டும். இந்தி, ஆங்கிலத்தோடு, தொழிலாளியின் மொழி வேறாயின் அம்மொழியிலும் எழுதவேண்டும். 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அச்சட்டம் இணைக்கப்பட்டது. கங்காணியின் பற்றுக்கணக்கு அவர் மடியில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வரிசைவீடுகளில் அரியர்.

ஜார்க்கண்டிலிருந்து வருவோரின் வீட்டு மொழிகள் சாந்தாலி, முண்டாரி, குருக் முதலியவை. சாந்தாலி 2003-இல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்ட மொழி. குருக் திராவிட மொழிக் குடும்பத்தது, நமக்கு உறவு. கண் என்னும் சொல்லுக்கு அம்மொழியிலும் அதே வேர்தான். ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் இம்மொழிகளைக் கற்பிக்கும் துறை உள்ளது. வேலையின் பெயர், கூலி, நேரம், பிடித்தம், விடுப்பு என்று பத்து வரி கொண்ட ஒரு தாளை அம்மொழிகளில் ஆக்கி, ஆள் எடுக்கும் நாளிலேயே கையில் கொடுக்க விரும்பும் தோட்டத்தாரோ கட்டடக்காரரோ கடைக்காரரோ நம்முள் இருப்பின், அதனை மொழிபெயர்க்க ஒருவர்க்கு அரை நாள் போதும்.